ஒரு மடிகணினி, இரண்டு கணக்கு
– பணிப்பட்டையை ஒழுங்குபடுத்துவது பற்றி

மடிகணினியைத் திறந்தால் திரையின் அடியில் ஒரு விரல் அகலத்தில் நீளமாகக் கிடக்கும் பட்டையை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். 'டாஸ்க்பார்' என்று வகுப்பில் சொல்வோம், தமிழில் பணிப்பட்டை. தினமும் பார்க்கிறோமே தவிர, அதை நம் தேவைக்கு மாற்றி அமைக்கலாம் என்று நினைப்பது குறைவு. கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே வருடக்கணக்காகப் பாவிக்கிறோம்.

ஒருவர் மட்டும் பாவிக்கும் கணினிக்கு அது போதும். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் ஊர்களில் ஆளுக்கொரு கணினி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை? என் தோழிகளில் அநேகரின் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. காலையில் அது வேலைக்குப் போகிறது; அசர் நேரத்தில் வீடு வருகிறது. வந்த பிறகு அது பிள்ளைகளின் கணினி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கணினி ராத்தாவுடையது. அவர் பக்கத்து ஊர்ப் பாடசாலையொன்றில் ஆசிரியை. வகுப்புப் புள்ளிகள், தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மாலையில் நான் உயர்தரப் பாடக் குறிப்புகளைப் பார்ப்பேன். வாப்பா வயல் கணக்கை எக்ஸெலில் எழுதுவார். மூத்தம்மா கட்டாரிலிருக்கும் மாமாவோடு படம் பார்த்துக் கதைப்பார். தம்பி கார்ட்டூன் பார்ப்பான். ஐந்து பேருக்கும் பணிப்பட்டை ஒன்றே. இந்த நிலைமையில் அந்தப் பட்டையை எப்படி ஒழுங்குபடுத்துவது, எதை அது செய்யும், எதைச் செய்யாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் செய்து பார்த்தவைதான் இவை.

பட்டை வந்த கதை

விண்டோஸின் பழைய பதிப்பான 3.1 இல் ஒரு சாளரத்தைச் சுருக்கினால் அது சின்னப் படமாகத் திரையின் அடியில் போய் உட்காரும். அதன்மேல் இன்னொரு சாளரத்தைத் திறந்தால் அந்தப் படம் மறைந்துவிடும். திறந்த வேலை எங்கே போனது என்று தேட வேண்டிவரும். இந்தக் கரைச்சலைத் தீர்க்கத்தான், 1995 ஓகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இல், எதுவும் மறைக்காத ஒரு பட்டையையும் அதன் இடது மூலையில் 'ஸ்டார்ட்' பொத்தானையும் மைக்ரோசொப்ட் நிறுவனம் வைத்தது. இதற்கு முன்பே 1987 இல் பிரித்தானியாவின் ஏகோர்ன் நிறுவனத்தின் கணினிகளில் இதுபோன்ற ஒரு படப்பட்டை இருந்தது. 2001 இல் அப்பிள் நிறுவனம் மெக் கணினிகளுக்கு 'டொக்' என்ற பட்டையைக் கொடுத்தது.

2009 ஒக்டோபர் 22 அன்று வந்த விண்டோஸ் 7 ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதிகம் பாவிக்கும் செயலிகளைப் பட்டையிலேயே குத்தி வைக்கும் வசதியும், ஒரு செயலியின் படத்தை வலது சொடுக்கினால் அதில் அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களைக் காட்டும் வசதியும் அதில் வந்தன. இரண்டாவது வசதிக்கு 'ஜம்ப் லிஸ்ட்' என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2021 ஒக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 இல் படங்கள் நடுவுக்கு வந்தன. பட்டையைத் திரையின் மேலேயோ பக்கத்திலோ வைக்க முன்பிருந்த வசதியை அது எடுத்துவிட்டது.

இன்றைய பணிப்பட்டையில் நான்கு பகுதிகள் உண்டு. ஒன்று ஸ்டார்ட் பொத்தானும் தேடல் பெட்டியும். இரண்டு, குத்தி வைத்த செயலிகள். மூன்று, இப்போது திறந்திருக்கும் சாளரங்கள். நான்கு, வலது மூலையில் நேரம், மொழி, ஒலி, மின்கலம், அறிவித்தல்கள். எது திறந்திருக்கிறது, எது காத்திருக்கிறது, யார் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று கணினிக்குள் நடப்பதை இந்த நான்கும் வெளியே சொல்லிக்கொண்டிருக்கின்றன. தனியாள் கணினியில் அது உதவி. பலர் பாவிக்கும் கணினியில், ஒருவருடைய வேலையை அது மற்றவருக்குச் சொல்லிவிடுகிறது.

பட்டை எதைச் சொல்லிவிடும்?

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வீட்டுக்கு வந்தது. 2022 இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் நாடு தவித்தபோது அரச ஊழியர் பலரும் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் வந்த வேலை முழுவதாகத் திரும்பிப் போகவில்லை. புள்ளிப் பதிவும் வினாத்தாள் தயாரிப்பும் ஆசிரியர் கூட்டமும் இப்போதும் இரவில் வீட்டு மேசையில்தான் நடக்கின்றன.

கடந்த வருடம் மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாட்கள் இருந்தன. தம்பியோடு விளையாட வரும் அயல்வீட்டுப் பிள்ளைகளில் இருவர் ராத்தாவின் வகுப்பு மாணவர்கள். அன்று மாலை மூவரும் கணினியில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். தாம் வரைந்த படத்தின்கீழ் பெயர் எழுதுவதற்காகப் பட்டையிலிருந்த வேர்ட் படத்தை வலது சொடுக்கினார்கள். ஜம்ப் லிஸ்ட் திறந்தது. முதல் வரியில் அவர்களுடைய வகுப்பு, பாடம், மூன்றாம் தவணை என்று கோப்பின் பெயர் நின்றது. ஒரு சொடுக்கில் வினாத்தாள் திறந்துவிடும்.

பிள்ளைகள் அதைத் திறந்தார்களா? இல்லை என்றுதான் தம்பி சொன்னான். அந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களை ராத்தா சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து வினாத்தாளை முதலிலிருந்து மாற்றி எழுதினார். சஹர் நேரம் வரை விளக்கு எரிந்தது. "அதுகள் பார்க்கல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா வகுப்பில இருக்கிற மத்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லுற?" என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு இந்த விடயமே தெரியாது. தெரியாதவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை. அதன் பிறகுதான் கணினியை எப்படிப் பிரிப்பது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் சுவர், பிறகு திரைச்சீலை

பணிப்பட்டையில் உள்ள படத்தை நீக்கினால் அந்தச் செயலி கணினியிலிருந்து போய்விடாது; கோப்பும் போய்விடாது. கண்ணுக்குத் தெரியாமல் மட்டுமே ஆகும். தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து எழுதினால் திரும்பி வந்துவிடும். எனவே பட்டையை ஒழுங்குபடுத்துவது திரைச்சீலை போடுவது போன்றது. மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையில் திரைச்சீலை தேவைதான். ஆனால் முதலில் சுவர் இருக்க வேண்டும். கணினியில் சுவர் என்பது பயனர் கணக்கு.

இங்கே அடிப்படையான ஒரு விடயம் உண்டு. பணிப்பட்டையின் அமைப்புகள் கணினிக்கு உரியவை அல்ல, கணக்குக்கு உரியவை. இரண்டு கணக்குகள் இருந்தால் இரண்டு பணிப்பட்டைகள், இரண்டு ஜம்ப் லிஸ்ட், இரண்டு ஆவணக் கோப்புறைகள், உலாவியில் இரண்டு வரலாறுகள். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதைத் தொடாது.

இருக்கும் கணக்கை வேலைக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் புதிய கணக்கொன்றைத் திறப்பது இலகு. வேலைக் கோப்புகளை இடம் மாற்றும் சிரமம் குறையும். விண்டோஸ் 11 இல் 'செட்டிங்ஸ்' சென்று, 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்', அதில் 'அட் அக்கவுண்ட்' என்பதை அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும். அந்த நபரின் விபரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்தி, அடுத்ததாக மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியை அழுத்தினால், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கணக்கைத் திறக்கலாம். நாங்கள் 'வீடு' என்று பெயர் வைத்தோம்.

புதிய கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' வகையாக இருக்க வேண்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வகையாக இருந்தால் அது மற்றக் கணக்கின் கோப்புறைக்குள் போக முடியும். சுவரில் கதவு வைத்த மாதிரி. ஸ்டாண்டர்ட் கணக்கிலிருந்து ராத்தாவின் கோப்புறையைத் திறக்க முயன்றால் அனுமதி இல்லை என்று சொல்லி, அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்கும். கணினி முழுவதையும் மாற்றக்கூடிய மென்பொருள் எதையாவது தம்பி நிறுவப் பார்த்தாலும் அதே கேள்விதான் வரும். இது எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு நன்மை.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் விற்கும் கணினிகளில் வன்தட்டை 'சி', 'டி' என்று இரண்டாகப் பிரித்துத் தருவது வழமை. "முக்கியமானதை டி டிரைவில் போடுங்க, விண்டோஸ் பழுதானாலும் அழியாது" என்று சொல்லியும் விடுவார்கள். அது ஓரளவு சரி. ஆனால் கணக்குகளுக்கிடையிலான சுவர் 'சி' டிரைவில் உள்ள பயனர் கோப்புறையைத்தான் காக்கும். 'டி' டிரைவில் போட்டதை, நாமாகத் தடுக்காவிட்டால், எல்லாக் கணக்கிலிருந்தும் திறக்கலாம். ராத்தாவின் வினாத்தாள்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றை அவருடைய 'டொக்கியுமென்ட்ஸ்' கோப்புறைக்கு மாற்றி, பிரதியொன்றைப் பென் டிரைவில் வைத்து அலுமாரியில் பூட்டினோம். திருமணப் படங்கள் போல எல்லோருக்கும் வேண்டியவற்றை, 'சி' டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் இருக்கும் 'பப்ளிக்' கோப்புறையில் வைத்தோம்.

வேலைக் கணக்கின் பட்டை

இனிப் பட்டைக்கு வருவோம். பட்டையில் வெறுமையான இடத்தை வலது சொடுக்கி 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள். நாம் செய்யும் மாற்றங்களில் அநேகமானவை இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் வேண்டாததை எடுப்போம். தேடல் பெட்டி பட்டையில் நிறைய இடத்தைப் பிடிக்கிறது. 'சேர்ச்' என்பதில் 'ஹைட்' கொடுத்தாலும், விண்டோஸ் விசையை அழுத்தி எழுதத் தொடங்கினால் தேடல் வேலை செய்யும். 'விட்ஜெட்ஸ்' செய்தியும் காலநிலையும் காட்டும். இணையத்துக்கு அளந்து பணம் கட்டும் வீட்டில் அதை நிறுத்துவதே நல்லது.

அடுத்தது, தேவையானதை வரிசையாகக் குத்துதல். செயலியைத் திறந்து, பட்டையில் அதன் படத்தை வலது சொடுக்கி, 'பின் டு டாஸ்க்பார்' கொடுத்தால் அது அங்கேயே நிற்கும். இழுத்து வரிசையை மாற்றலாம். இந்த வரிசை வெறும் அழகுக்கானதல்ல. விண்டோஸ் விசையோடு 1 ஐ அழுத்தினால் முதலாவது செயலி திறக்கும். 2 ஐ அழுத்தினால் இரண்டாவது. ராத்தாவின் பட்டையில் கோப்புறை, வேர்ட், எக்ஸெல், உலாவி, சூம் என்ற ஒழுங்கு. பள்ளிக்கூட மேசையில் சுட்டி இல்லாமலே விரல்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

மூன்றாவது, சாளரங்களின் பெயர். ஐந்து வேர்ட் கோப்புகளைத் திறந்தாலும் பட்டை ஒரே படத்தைத்தான் காட்டும். 6ஏ புள்ளிகளை 6பீ கோப்பில் எழுதிவிடும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அமைப்புப் பக்கத்தின் அடியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் பொத்தான்களை ஒன்றுசேர்ப்பது பற்றிய தெரிவு உண்டு. அதை 'நெவர்' என்று மாற்றினால் ஒவ்வொரு சாளரமும் தன் பெயரோடு தனித்து நிற்கும். சின்னத் திரையில் பட்டை நிரம்பிவிடும் என்றால், பட்டை நிரம்பும்போது மட்டும் சேர்க்கும் நடுத்தெரிவைக் கொடுக்கலாம்.

நான்காவது, மொழிக் குறி. கல்முனையில் வேலை செய்பவர் ஒரே நாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சில வேளை சிங்களத்திலும் தட்டெழுத வேண்டியிருக்கும். 'டைம் அண்ட் லேங்குவேஜ்' பகுதியில் மூன்று விசைப்பலகைகளையும் சேர்த்துவிட்டால் பட்டையின் வலது பக்கத்தில் மொழிக் குறி தோன்றும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மாறலாம். தேவையில்லாத விசைப்பலகைகள் ஏழெட்டு சேர்ந்திருந்தால் நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் அவற்றைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஐந்தாவது, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் காரணமான ஜம்ப் லிஸ்ட். 'செட்டிங்ஸ்' இல் 'பர்சனலைசேஷன்', அதில் 'ஸ்டார்ட்' என்ற பக்கத்தில் அண்மைக் கோப்புகளையும் ஜம்ப் லிஸ்ட் விபரங்களையும் காட்டும் தெரிவு இருக்கிறது. அதை நிறுத்தினால் பட்டையில் கோப்புகளின் பெயர்கள் வராது. முழுவதாக நிறுத்த விருப்பமில்லை என்றால், பட்டியலில் குறித்த கோப்பின் பெயரை வலது சொடுக்கி அந்த ஒன்றை மட்டும் அகற்றலாம். கோப்பு அழியாது, பெயர் மட்டுமே பட்டியலிலிருந்து போகும்.

வீட்டுக் கணக்கின் பட்டை

வேலைப் பட்டையில் நிறைய வேண்டும். வீட்டுப் பட்டையில் குறைய வேண்டும். மூத்தம்மாவுக்குக் கண் மங்கல். அவருக்கு வேண்டியது மாமாவோடு கதைக்கும் வட்ஸ்அப் மட்டும். அதை இடது ஓரத்தில் முதலாவதாகக் குத்தினோம். விண்டோஸ் 11 இல் படங்கள் நடுவில் நிற்பதால், இன்னொரு செயலி திறக்கும்போதெல்லாம் எல்லாப் படங்களும் இடம் நகரும். இளையவர்களுக்கு அது பெரிதில்லை. நேற்று இருந்த இடத்தில் இன்றும் தேடும் வயதானவர்களுக்குக் குழப்பம். 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்கினால் முதலாவது படம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். 'டிஸ்பிளே' பகுதியில் 'ஸ்கேல்' அளவைக் கூட்டினால் எழுத்தும் படமும் பெரிதாகும்.

வாப்பாவுக்கு எக்ஸெல், எனக்கு உலாவியும் குறிப்பேடும், தம்பிக்குப் படம் வரையும் செயலி. மொத்தம் ஐந்து படங்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பாடக்குறிப்புப் படிக்கும்போது தொல்லை கொடுக்கும் சிவப்பு எண்களை, 'ஷோ பேட்ஜஸ் ஒன் டாஸ்க்பார் ஆப்ஸ்' என்ற தெரிவை எடுத்துவிட்டு நிறுத்தினேன். செய்தி வரத்தான் செய்யும். ஆனால் எத்தனை வந்தது என்று பட்டை எண்ணிக் காட்டாது.

விண்டோஸ் 10 பாவிப்பவர்களுக்கும் இவற்றில் அநேகமானவை பொருந்தும். சில பெயர்களும் இடங்களும் மட்டும் மாறும். அதில் பட்டையைத் திரையின் பக்கத்துக்கும் மாற்றலாம். ஆனால் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஒரே கணக்குத்தான் முடியும் என்றால்

சிலர் ஒரே ஆளாகவே வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் மாறி மாறிச் செய்கிறார்கள். தையல் ஓடர் எடுக்கும் சகோதரிகள், வீட்டிலிருந்தே கணக்கெழுதுபவர்கள் இப்படித்தான். அவர்களுக்கு இரண்டு கணக்குகள் சுமையாகத் தெரியலாம். அதற்கு மெய்நிகர் மேசைகள் உதவும். கண்ட்ரோல், விண்டோஸ், 'டி' விசைகளை ஒன்றாக அழுத்தினால் புதிய மேசை திறக்கும். கண்ட்ரோல், விண்டோஸ் விசைகளோடு இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் ஒரு மேசையிலிருந்து மற்றதற்குப் போகலாம். ஒரு மேசையில் ஓடர் கணக்கு, மற்றதில் பிள்ளையின் பாடம்.

'சிஸ்டம்' பகுதியில் 'மல்டிடாஸ்கிங்' என்பதற்குள், பணிப்பட்டை எந்த மேசையின் சாளரங்களைக் காட்ட வேண்டும் என்ற தெரிவு இருக்கிறது. இப்போது பாவிக்கும் மேசையை மட்டும் என்று வைத்தால் மற்ற மேசையின் வேலை பட்டையில் தெரியாது. ஆனால் குத்தி வைத்த படங்களும் கோப்புகளும் இரண்டுக்கும் பொதுவே. இது திரைச்சீலை மட்டும்தான். உங்கள் மனதை ஒருமுகப்படுத்த இது போதும். இன்னொருவரிடமிருந்து ஒன்றைக் காக்க இது போதாது.

திரையைப் பகிரும்போது

சூம் கூட்டத்தில் முழுத்திரையையும் பகிர்ந்தால் பணிப்பட்டையும் சேர்ந்தே போகும். என்ன திறந்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். இதற்காகப் பட்டையைத் தானாக மறையச் செய்யும் 'ஒட்டோமெட்டிக்கலி ஹைட்' தெரிவைச் சிலர் பாவிக்கிறார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. மறைந்திருக்கும்போது ஏதாவது செயலி கவனத்தைக் கேட்டால் பட்டை மேலே வந்து நிற்கும். 'ஷோ ஃப்ளாஷிங் ஒன் டாஸ்க்பார் ஆப்ஸ்' தெரிவையும் எடுத்துவிட்டால் இது குறையும். இதைவிட நல்ல வழி, முழுத்திரைக்குப் பதிலாக வேண்டிய சாளரத்தை மட்டும் தெரிந்து பகிர்வது. அப்போது பட்டை போகாது. அறிவித்தல்கள் குறுக்கிடாமல் இருக்க, கூட்டம் தொடங்குமுன் விண்டோஸ் விசையோடு 'என்' அழுத்தி, தொந்தரவு வேண்டாம் என்ற மணிக்குறியை அழுத்திவிடுங்கள்.

கை மாறும்போது

இரண்டு கணக்குகள் இருந்தும், ஒன்றைத் திறந்தபடி எழும்பிப் போனால் பயனில்லை. தேநீர் ஊற்றப் போகும்போதும் விண்டோஸ் விசையோடு 'எல்' அழுத்துங்கள். கணினி பூட்டிக்கொள்ளும், வேலை அப்படியே இருக்கும்.

கணினியை மற்றவரிடம் கொடுக்கும்போது இரண்டு வழிகள் உள்ளன. கணக்கை மூடாமல் மாறினால், முதல் கணக்கில் திறந்தவை எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நினைவகம் 4 ஜிபி மட்டும் உள்ள கணினி இதனால் இழுபடும். அது மட்டுமல்ல, தம்பி கணினியை நிறுத்தப் பார்த்தால், இன்னொருவர் உள்ளே இருக்கிறார், நிறுத்தினால் அவருடைய சேமிக்காத வேலை போய்விடும் என்று கணினி எச்சரிக்கும். வாசிக்காமல் 'ஆம்' கொடுத்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே சேமித்து, மூடி, 'சைன் அவுட்' செய்துவிட்டுக் கொடுப்பதே எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்னொன்று. கணினி உங்கள் வீட்டுடையதல்ல, அலுவலகம் தந்தது என்றால், இங்கே சொன்னவற்றில் கணக்குத் திறப்பதையும் கோப்பு மாற்றுவதையும் அலுவலகத்தைக் கேட்காமல் செய்ய வேண்டாம். அந்தக் கணினியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விபரங்களை வைத்திருப்போர் அவற்றைக் காக்கவும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் அதற்கு அமானிதம் என்ற பழைய சொல் இருக்கிறது. ஒரு பிள்ளையின் புள்ளியும் ஒரு தாயின் தொலைபேசி இலக்கமும் ராத்தாவுக்குச் சொந்தமானவை அல்ல. அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை.

பிரித்ததில் கிடைத்தது

இதையெல்லாம் செய்ய எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதுமாக இருந்தது. கோப்புகளைத் தரம்பிரிக்கத்தான் அதிக நேரம் போனது. பட்டையை அமைக்கக் கால்மணி நேரமும் ஆகவில்லை. செலவு ஒன்றுமில்லை.

வினாத்தாளைக் காப்பதற்காகத் தொடங்கினோம். அது நடந்தது. அதைவிட இன்னொன்றும் நடந்தது. முன்பு ராத்தா மாமாவோடு கதைக்க உட்கார்ந்தாலும் பட்டையில் சூம் மின்னும். ஆசிரியர் குழுவின் செய்தி எண் ஏறும். பாதியில் எழும்பி வேலைக்குள் போய்விடுவார். சமையலும் பிள்ளைகளும் வேலையும் ஒரே பட்டையில் வரிசையாக நின்று அவரை அழைத்துக்கொண்டிருந்தன. இப்போது வேலைக் கணக்கை மூடினால் வேலை மூடியதுதான். வீட்டுக் கணக்கில் அதன் அடையாளமே இல்லை. "பள்ளிக்கூடம் விட்ட மணி இப்பதான் எனக்கு அடிக்குது" என்று அவர் ஒருநாள் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் இன்று ஆசிரியைகளாக, தாதியராக, வங்கியில், பிரதேச செயலகத்தில், வீட்டுத் திண்ணையிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தனி அறையும் தனிக் கணினியும் கிடைக்கக் காலம் எடுக்கலாம். தனிக் கணக்கு இன்றைக்கே கிடைக்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நாம், உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ அதைச் செய்து கொடுக்கலாம். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். கடவுச்சொல்லை அவர்களே தட்டட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.